கேட்பவரும் படித்துவிட்டு வர வேண்டிய தேர்வு

1979இல் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டு வந்த மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வில் 100 மதிப்பெண்ணும் நேர்காணலில் 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போன சிலர் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். பொது அறிவு, ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிய விரிந்த புரிதல், பாடத்துக்கு வெளியேயான ஈடுபாடு, ஆளுமை ஆகியவற்றை அளப்பதற்கென்று ஏற்பட்ட நேர்காணல் அது. ஆனால் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நடக்கவில்லை. கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான். இதுவே அவர்களுடைய முறையீடு. அஜய் ஹாசியா வழக்கு என்ற பெயரில் சட்டக் கல்லூரிகளில் இது இன்றும் பாடம். 'அரசு' என்பதற்குள் எந்தெந்த அமைப்புகள் அடங்கும் என்பதற்காகவே பெரும்பாலும் அதைப் படிக்கிறார்கள். நேர்காணலைப் பற்றி அது சொன்ன பகுதிக்கு அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்குத் தருவது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு மூன்று நிமிடத்தில் ஒருவரை எடைபோட முடியாது என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். நேர்காணலை ஒலிப்பதிவு செய்துவைப்பது நல்லது என்றும் தீர்ப்பு சொன்னது.

வழக்கு கல்லூரிச் சேர்க்கை பற்றியது. ஆனாலும் வேலைக்கான நேர்காணலில் நாம் கேட்கத் தவறுகிற ஒன்றை அது நேராகக் கேட்டுவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்? அதற்கு என்ன கேட்க வேண்டும் என்று யோசித்துவிட்டு வந்தாரா? பேருந்து நிலையப் புத்தகக் கடையில் தொங்கும் வழிகாட்டி நூல்கள், கல்லூரி பிளேஸ்மென்ட் வகுப்புகள், யூடியூப் காணொளிகள் எல்லாமே விண்ணப்பிப்பவரை மட்டுமே தயார் செய்கின்றன. சட்டையின் நிறம், கைகுலுக்கும் விதம், 'உங்கள் பலவீனம் என்ன' என்பதற்கு உருப்போட்ட பதில். நேர்காணலைப் பற்றி நூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு வேறு. ஒரு நேர்காணல் எதையாவது உண்மையில் அளக்கிறதா என்பது பெரும்பாலும் கேட்பவரின் தயாரிப்பைப் பொறுத்தது. விண்ணப்பிப்பவர் எப்படித் தயாராக வேண்டும் என்பதும் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிடிபடுகிறது.

ஸ்ரீநகருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்பே தமிழ்நாட்டிலும் இதே பிரச்சினை வந்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண். அதில் 75 நேர்காணலுக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியேயான சேவை, உடல்நிலை, பொதுத் திறன், படிப்புக்கான நாட்டம் என்று ஐந்து தலைப்புகளை அரசு வகுத்துக் கொடுத்திருந்தது. தேர்வுக் குழுக்கள் தலைப்பு வாரியாக மதிப்பெண் போடவில்லை. ஆளைப் பார்த்து மொத்தமாக ஒரு எண்ணை எழுதிவிட்டன. 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. 275இல் 75 என்பதே பார்த்தவுடன் அதிகமாகத் தெரிகிறது என்றும் குறிப்பிட்டது. தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்ட அந்தத் தவறு வெறும் நடைமுறைத் தவறு என்று தோன்றலாம். நேர்காணலின் நோய் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

1985இல் வந்த அசோக் குமார் யாதவ் வழக்கு நேரடியாக அரசு வேலையைப் பற்றியது. ஹரியானாவில் 61 இடங்களுக்கு 1,300க்கும் மேற்பட்டவர்களை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். நேர்காணலின் பங்கு பொதுப் பிரிவினருக்கு 22.2 சதவீதம், முன்னாள் ராணுவத்தினருக்கு 33.3 சதவீதம். இருபது மடங்கு ஆட்களை அழைத்து, நேர்காணலுக்கு இவ்வளவு எடையும் கொடுத்தால் எழுத்துத் தேர்வின் வரிசையை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். அன்று யு.பி.எஸ்.சி. 2,050 மதிப்பெண்ணில் 250ஐ நேர்காணலுக்கு வைத்திருந்தது, அந்த 12.2 சதவீதத்தையே பொதுப் பிரிவுக்கு உச்ச வரம்பாகக் கொள்ளச் சொன்னது நீதிமன்றம். இப்போது குடிமைப் பணித் தேர்வில் 2,025க்கு 275. பிறகு, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலே கிடையாது என்றாயிற்று. சிபாரிசுக் கடிதத்துக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் நேர்காணலை நீக்கியது சரியென்றே நினைக்கிறேன்.

ஆனால் நீதிமன்றத்தால் நிமிடத்தை எண்ண முடியும், சதவீதத்துக்கு வரம்பு கட்ட முடியும். அறைக்குள் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. அந்த வேலையைச் செய்தது உளவியல்.

அமெரிக்காவில் வால்ட்டர் டில் ஸ்காட் என்ற உளவியலாளர் 1915இல் ஓர் எளிய சோதனை செய்தார். விற்பனையாளர் வேலைக்கு வந்த 36 பேரை, ஆள் எடுப்பதில் பழகிய ஆறு மேலாளர்கள் தனித்தனியாக நேர்காணல் செய்து வரிசைப்படுத்தினார்கள். 28 பேர் விஷயத்தில், அவர் மேல் பாதியில் வருவாரா கீழ்ப் பாதியில் வருவாரா என்பதிலேயே மேலாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. யாருக்கு முதலிடம் என்பதில் கருத்து வேறுபடுவது இயல்பு. ஆனால் இது பாதிக்கு மேலா கீழா என்ற கேள்வி.

அறுபது ஆண்டு கழித்து டெக்சாஸ் மாநிலத்தில் யாரும் திட்டமிடாத ஒரு சோதனை அமைந்தது. ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1979இல் ஏறத்தாழ 800 பேரை நேர்காணல் செய்து தரவரிசை போட்டு, மேல் வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 இடங்களைக் கூட்டச் சொன்னது. அதற்குள் நல்ல தரவரிசையில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள்; மிச்சமிருந்தவர்கள் 700க்குக் கீழான தரவரிசைக்காரர்கள்தான். அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வகுப்பில் படித்தது, ஒரே வார்டில் நோயாளிகளைப் பார்த்தது. படிப்பிலும், மருத்துவமனைப் பயிற்சியிலும், பாதியில் விலகுவதிலும், பரிசு பெறுவதிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 1987இல் இது அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரையாக வந்தது. பேராசிரியர்கள் நேரம் ஒதுக்கிப் பேசிப் பார்த்துப் போட்ட தரவரிசை, அந்த மாணவர்கள் எப்படிப்பட்ட மருத்துவர்களாவார்கள் என்பதைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது ஜேசன் டேனா, ராபின் டாஸ், நேத்தனியல் பீட்டர்சன் ஆகிய மூவரின் 2013 ஆய்வு. மாணவர்கள் சக மாணவர்களை நேர்காணல் செய்து அவர்களுடைய அடுத்த பருவ மதிப்பெண் சராசரியைக் கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண் விவரமும் கையில் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில், பதில் சொல்பவர்களிடம் ரகசியமாக ஒரு விதியைச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆம், இல்லை என்ற வகைக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாமல், அந்த விதிப்படி தற்செயலாக விழும் பதிலைச் சொல்ல வேண்டும். கேட்டவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தற்செயலான பதில்களிலிருந்தே எதிரே இருப்பவரின் குணச்சித்திரத்தை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டார்கள். நேர்காணல் செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். காதில் எது விழுந்தாலும் அதைக் கோத்து ஒரு கதையாக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நேர்காணல் அறையில் அந்தக் கதைதான் வேலை ஆணையாக மாறுகிறது.

அப்படியானால் நேர்காணலே வீணா? இல்லை. எந்த விதமான நேர்காணல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேர்வு முறை ஒன்றின் மதிப்பெண்ணும், அதில் தேறியவர் பிற்பாடு வேலையில் காட்டும் திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் அளக்கிறார்கள். தொடர்பே இல்லையென்றால் பூஜ்யம், முழுக்க ஒத்துப்போனால் ஒன்று. பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளின் கணக்கீட்டைத் திருத்தி 2022இல் வெளியிட்ட தொகுப்பில், கேள்விகளை முன்கூட்டியே வரையறுத்த நேர்காணலுக்கு 0.42, பொது அறிவுத்திறன் சோதனைக்கு 0.31, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் முதலிடம் பிடித்ததும் நேர்காணல்தான், அடிமட்டத்துக்கு அருகில் கிடப்பதும் நேர்காணல்தான். 0.42 என்பதும் பெரிய தீர்க்கதரிசனம் அல்ல. நன்றாக நடத்திய நேர்காணலும் நிறையத் தவறும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை உண்டாக்குவது கேட்பவரின் வீட்டுப்பாடம்.

அந்த வீட்டுப்பாடம் எப்படி இருக்கும்? ஒரு வங்கிக் கிளையின் கவுன்டர் வேலையை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த வேலையை நெடுநாள் பார்த்தவர்களிடம் போய், இதில் நல்ல ஊழியர் யார், மோசமான ஊழியர் யார் என்று தெரியவைத்த சம்பவங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஜான் ஃபிளனகன் 1954இல் எழுதிவைத்த முறை இது. கிடைக்கும் சம்பவங்களில் ஒன்று இப்படி இருக்கலாம்: மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியம் எடுக்க வந்த முதியவரின் கை நடுங்குகிறது, கையெழுத்து ஒத்துவரவில்லை, பின்னால் வரிசை நீள்கிறது, ஆட்கள் சத்தம் போடுகிறார்கள். இதையே கேள்வியாக்கி, நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லா விண்ணப்பதாரரிடமும் கேட்க வேண்டும். எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்பதை முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். "மேனேஜரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்" என்றால் ஒன்று. அவரை உட்காரவைத்துவிட்டு அடையாள அட்டையைச் சரிபார்ப்பேன் என்றால் மூன்று. அதோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நிலைமையைச் சொல்லி, அவரிடம் புதிய மாதிரிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவைத்து அடுத்த மாதம் இதே அலைச்சல் வராமல் செய்வேன் என்றால் ஐந்து. கேரி லேத்தமும் சக ஆய்வாளர்களும் 1980இல் முன்வைத்த முறை இது. இதன் மறுபக்கம், 'இப்படி ஒரு சூழலில் நீங்கள் முன்பு என்ன செய்தீர்கள்' என்று கடந்த காலத்தைக் கேட்பது; டாம் ஜான்ஸ் 1982இல் அதைச் சோதித்துக் காட்டினார். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். தலைவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களின் பேனா அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

பெரியகருப்பன் வழக்கில் குழுக்கள் செய்த தவறின் ஆழம் இங்கேதான் தெரிகிறது. 1950களின் நடுவில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த உளவியலாளர் டேனியல் கானமனிடம் இஸ்ரேல் ராணுவம் ஒரு வேலை கொடுத்தது. புதிதாகச் சேரும் வீரர்களை நேர்காணல் செய்யும் முறை பயன் தரவில்லை, மாற்றிக் கொடு என்றது. அவர் ஆறு குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும் கடந்த கால வாழ்க்கையைப் பற்றிய நேரடிக் கேள்விகள் வைத்தார்: இதுவரை எத்தனை வேலை பார்த்தாய், வேலைக்கோ வகுப்புக்கோ எவ்வளவு ஒழுங்காகப் போனாய், நண்பர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பாய் என்பது போல. ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் நடத்துபவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாம் முடிந்த பின் கண்ணை மூடி இவன் எப்படிப்பட்ட வீரனாவான் என்று நினைத்துப் பார்த்து இன்னொரு மதிப்பெண் போடுங்கள் என்று சேர்த்தார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது ஆறு குணங்களின் கூட்டுத் தொகை பழைய முறையை எங்கோ பின்னால் விட்டிருந்தது. அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் கூட்டுத் தொகைக்குச் சமமாகப் பலித்தது. ஆக, அனுபவசாலியின் உள்ளுணர்வு பொய்யில்லை. விவரங்களைத் தனித்தனியாகச் சேகரித்த பிறகு வர வேண்டியது அது. அந்த மருத்துவக் கல்லூரிக் குழுக்கள் தலைப்புகளைத் தாண்டிக் குதித்து நேரே மொத்த எண்ணுக்குப் போய்விட்டன.

இதைச் செய்யாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இந்தியச் சான்று இருக்கிறது. 2007இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் வேலைச் சந்தையைப் பற்றிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அழைப்பு வந்த பிறகு அறைக்குள் நடப்பதைச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆராய்ந்தார்கள். தில்லி வட்டார நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியை அவசியம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, அம்மா படித்தவரா, சொந்த ஊர் எது. நல்ல குடும்பத்திலிருந்து வந்தவர் நல்ல ஊழியராவார் என்பது அவர்கள் நம்பிக்கை. அஷ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் தில்லியின் பல்கலைக்கழக மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். இந்தக் கேள்வி வரும்போது தலித் மாணவர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள், தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னதுமே பேச்சின் தொனி மாறிவிட்டதை எப்படி உணர்கிறார்கள் என்பதை அந்த ஆய்வு பதிவுசெய்தது.

ஸ்ரீநகர் மாணவர்கள் 1979இல் முறையிட்ட அதே கேள்விதான் இது. பெற்றோர் யார், வீடு எங்கே. அரசுப் பணியில் நேர்காணலின் எடைக்கு நீதிமன்றம் வரம்பு கட்டியது. தனியார் நிறுவனத்தில் நேர்காணலின் எடை பல வேளைகளில் நூறு சதவீதம். கேட்பவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கையில் கேள்வி இல்லாத மனிதர் பேச்சைத் தொடங்க எதை எடுப்பார்? ஊர், குடும்பம், கல்லூரி, இருவருக்கும் தெரிந்த யாரோ ஒருவர். முர்ரே பேரிக்கும் சக ஆய்வாளர்களும் 2010இல் காட்டியபடி, கேள்விகள் தொடங்குமுன் நடக்கும் சில நிமிட உபசாரப் பேச்சில் உண்டாகும் அபிப்பிராயம் இறுதி மதிப்பெண் வரை நீள்கிறது. அப்பா ஆலைத் தொழிலாளி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று சொல்லும் பெண்ணுக்கும், என் மாமா இதே துறையில்தான் இருக்கிறார் என்று சொல்லும் பையனுக்கும் அந்த நிமிடங்கள் ஒரே மாதிரி அமைவதில்லை. திருமணம் எப்போது என்ற கேள்வி பெண்களுக்கு மட்டும் விழுகிறது. இந்தக் கேள்விகளால் வேலைத் திறனைப் பற்றி ஒரு துளியும் தெரிந்துகொள்ள முடியாது. இவற்றைக் கேட்கும் நிறுவனங்கள் தயாரிப்பில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அதற்கான விலையை வேறொருவர் வீட்டுப் பிள்ளை கொடுக்கிறது என்பதே என் துணிபு.

புதிர்க் கேள்விகளும் இதே வகைதான். இந்த நகரத்தில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும், விமானத்துக்குள் எத்தனை பந்து அடங்கும் என்றெல்லாம் ஒரு காலத்தில் மென்பொருள் நிறுவனங்களில் கேட்டார்கள். கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் 2013இல் அவை முழுக்க நேர விரயம், கேட்பவருக்குத் தன்னைப் பற்றிப் பெருமை தருவதைத் தவிர எதையும் கணிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இனி விண்ணப்பிப்பவர் பக்கம் வரலாம். கேள்வி கேட்பவர் நல்ல முறையில் தயாராகி வந்திருந்தால் அவர் தேடுவது சம்பவங்களை. தயாராகாமல் வந்திருந்தால் அவர் கையில் எதுவும் இல்லை. அப்போதும் நீங்கள் கொடுக்கும் சம்பவம்தான் பேச்சைக் குடும்பத்திலிருந்து வேலைக்குத் திருப்பும். இரண்டு நிலைக்கும் தயாரிப்பு ஒன்றேதான்: நீங்கள் செய்தவற்றைத் தோண்டி எடுப்பது.

ஒரு மெடிக்கலில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த பெண் மருந்து விநியோக நிறுவனம் ஒன்றின் கிடங்குப் பணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி நூலைப் படித்திருந்தால் "நான் பொறுப்பானவள், கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்பார். வெளியே காத்திருக்கும் எல்லோரும் இதையேதான் சொல்லப் போகிறார்கள். அவரிடம் இன்னும் இரண்டு மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தால் வேறொன்று வெளிவரும். காலாவதித் தேதி நெருங்கிய அட்டைகள் புதிய சரக்கோடு கலந்துகிடந்ததை அவர்தான் முதலில் கவனித்திருப்பார். விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பும் கெடு தவறினால் நஷ்டம் கடைக்கு. மாதக் கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து, மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளை ஒரு நோட்டில் எழுதி, அவற்றைத் தனி ட்ரேயில் முன்னால் வைத்திருப்பார். முதலாளி முதலில் இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டிருப்பார், பிறகு அந்த நோட்டைப் பார்த்தே ஆர்டர் போட ஆரம்பித்திருப்பார். எங்கே, என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்ற நான்கும் அதில் இருக்கின்றன. கிடங்கு மேலாளருக்கு வேண்டியது அந்த நோட்டுதான். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஐந்தாறு சம்பவங்களாவது இருக்கும். வேலை என்று அவர்கள் எண்ணாததால் சொல்வதில்லை. ரேஷன் கடை வரிசையில் அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும், என்.எஸ்.எஸ். முகாமில் நூறு பேர் சாப்பாட்டுக் கணக்கை வைத்திருந்ததும், இறுதியாண்டு புராஜெக்ட் கடைசி வாரத்தில் சொதப்பி அதை மீட்டதும் சம்பவங்களே. குழுவாகச் செய்த வேலையென்றால் தன் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அடக்கத்தால் அதை மறைத்தால் கேட்பவருக்கு மதிப்பெண் போட இடமிருக்காது. தோற்றுப்போன சம்பவம் ஒன்றையும் எடுத்துவைக்க வேண்டும், அதில் என்ன மாற்றிக்கொண்டார் என்பதோடு.

அடுத்தது வேலையைப் படிப்பது. விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு கடமையின் எதிரிலும் தன் சம்பவங்களில் எது பொருந்தும் என்று குறித்துப் பார்க்கலாம். நிறுவனத்தின் வருமானத்தை உருப்போடுவதைவிட, அதே வேலையில் இருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது மேல். காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வார், எதில் அதிகம் திட்டு விழும் என்று கேட்டாலே பாதிக் கேள்விகள் தெரிந்துவிடும். குடிமைப் பணித் தேர்வில் விண்ணப்பதாரர் நிரப்பிக் கொடுக்கும் விரிவான படிவமே குழுவின் கையில் இருக்கும். எழுத்துத் தேர்வு மதிப்பெண் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் படிவத்தில் தான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் கேள்வியாக மாற்றிப் பார்ப்பது அங்கே முதல் பாடம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் வீட்டுத்தோட்டம் என்று எழுதியவருக்கு மண்புழு உரம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எந்த நேர்காணலுக்கும் பயோடேட்டாவை இப்படி ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பயிற்சி எடுத்துப் போவது ஒருவகை ஏமாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். டாட் மாரரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகளின் பதவி உயர்வு நேர்காணல்களை ஆராய்ந்தார்கள். கேள்வி எந்த வகையில் வரும், பதிலை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பயிற்சி பெற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அவர்கள் விஷயத்தில் நேர்காணலின் கணிப்பும் கெட்டுப்போகவில்லை, கூர்மைதான் பெற்றது. ஒருவரிடம் இருப்பது தெளிவாக வெளியே வந்தால் அளப்பவருக்கும் எளிது. பிறர் எழுதிய பதிலை ஒப்பிக்கும் பயிற்சியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பயிற்சி என்றால் வாயைத் திறந்து, எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பேசுவது. மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். சத்தமாகச் சொல்லும்போதுதான் எந்த இடத்தில் விவரம் இல்லை, எங்கே இழுக்கிறது என்பது தெரியும்.

தமிழ்வழியில் படித்தவர்களின் பெரிய பயம் ஆங்கிலம். பயம் நியாயமானது. கேரல் உபாத்யா பெங்களூரு மென்பொருள் துறையைப் பற்றி எழுதியபோது, தகவல்தொடர்புத் திறன், மென்திறன் என்ற பெயர்களில் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பேச்சும் நடையும் எப்படித் தகுதியாகக் கணக்கிடப்படுகின்றன என்று காட்டினார். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அது தேவை. ஆனால் வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டுமோ அவ்வளவைத்தான் நேர்காணல் அளக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே நேர்காணலைச் சந்திக்கலாம். நாட்டின் உயர்ந்த நிர்வாகப் பணிக்கு அது போதுமென்றால், வாடிக்கையாளர் எல்லோரும் தமிழ் பேசும் கிளைக்கு ஆளெடுப்பவர் ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. விண்ணப்பிப்பவர் செய்யக்கூடியது, தன் சம்பவங்களை மட்டுமாவது எளிய ஆங்கிலத்தில் சிறுசிறு வாக்கியங்களாகச் சொல்லிப் பழகுவது. அலங்கார ஆங்கிலத்தில் பொதுப்படையாகப் பேசுபவரைவிட, தட்டுத் தடுமாறியாவது அந்த நோட்டைப் பற்றிச் சொல்பவரிடம் நல்ல கேள்வியாளருக்குப் பிடி கிடைக்கும்.

கேமரா முன் தனியாக உட்கார்ந்து பதில் பதிவுசெய்யும் நேர்காணல்கள் இப்போது கூடிவருகின்றன. முகபாவத்தைக் கணினி அலசி மதிப்பிடும் வசதியை ஹையர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் விற்றுவந்தது. எதிர்ப்பு வலுத்து, 2021 ஜனவரியில் அதைக் கைவிட்டதாக அறிவித்தது. கேள்வியும் மதிப்பெண் அளவுகோலும் சரியில்லாத இடத்தில் மனிதருக்குப் பதில் இயந்திரத்தை உட்காரவைத்தால் அதே தவறு வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு நிமிடம் விண்ணப்பிப்பவருக்கு வரும். "ஏதாவது கேட்க வேண்டுமா?" பெரும்பாலானவர்கள் இல்லை சார் என்று எழுந்துவிடுகிறார்கள். இந்த வேலையில் முதல் ஆறு மாதத்தில் நான் எதைச் செய்து முடித்திருக்க வேண்டும், அதை யார், எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தயாராக வந்த மேலாளர் உடனே சொல்வார். அவர் கேட்ட கேள்விகளே அதிலிருந்து பிறந்தவைதான். சுற்றி வளைத்துப் பேசினால், அவர்கள் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்ட வீட்டுப் பிள்ளை இதற்காக வேலையை வேண்டாமென்று சொல்ல முடியாது. அவர் சேர்ந்துவிடட்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே தன் பொறுப்புகள் என்னென்ன, யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும்.